மூன்றாம் தொகுதியில் அம்மோனியம் குளோரைடு: ஒரே கணக்குக்கு மூன்று விடை வருகிறது, எது சரி?

தேன்சிட்டு:

உப்புப் பகுப்பாய்வில் உலோக அயனிகளைத் தொகுதி தொகுதியாக வீழ்படிவாக்கிப் பிரிப்போமே, அதில் இரும்பு, அலுமினியத்தை அம்மோனியாவால் ஹைட்ராக்சைடாக விழவைக்கும் மூன்றாம் தொகுதி பற்றிய கணக்கு இது. 0.20 மோலார் மெக்னீசியம் குளோரைடு கரைசல் 50 மிலி, 0.20 மோலார் அம்மோனியா கரைசல் 50 மிலி, இரண்டையும் கலக்கிறோம். மெக்னீசியம் ஹைட்ராக்சைடு வீழ்படிவாகாமல் தடுக்கக் குறைந்தது எத்தனை கிராம் அம்மோனியம் குளோரைடு சேர்க்க வேண்டும்? அம்மோனியாவின் காரப் பிரிகை மாறிலி 1.8 × 10⁻⁵ என்று கொடுத்திருக்கிறார்கள். கரைதிறன் பெருக்கத்தை (நிறைவுற்ற கரைசலில் அயனிச் செறிவுகளின் பெருக்குத்தொகை) புத்தகத்தின் பின்னிணைப்பில் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.

விடைக்குறிப்பில் 0.72 கிராம். உடன் படிப்பவருக்கு 1.29 கிராம் வருகிறது. எனக்கு 2.03 கிராம். மூவரும் ஒரே முறையில்தான் போட்டோம்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. பொது அயனி விளைவு கரைதிறனைக் குறைக்கும் என்று படித்தோம். இங்கே பொது அயனியைச் சேர்த்தால் வீழ்படிவு வராமல் கரைசலிலேயே நிற்கிறது. இது தலைகீழாக இல்லையா?

கடைசியாக, உப்புப் பகுப்பாய்வில் திட அம்மோனியம் குளோரைடை ‘தாராளமாக’ப் போடச் சொல்கிறார்கள். கணக்குப்படி ஒரு சோதனைக் குழாய்க்குச் சிட்டிகைதான் தேவைப்படுகிறது. அவ்வளவு எதற்கு?

---

சமநிலை_மாறிலி:

முதலில் உங்கள் 2.03 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 50 மிலியோடு 50 மிலி சேர்ந்தால் மொத்தம் 100 மிலி. அதாவது கலந்த கணமே இரண்டின் செறிவும் பாதியாகி 0.10 மோலார் ஆகிவிடும். நீங்கள் 0.20 என்றே வைத்துப் போட்டிருக்கிறீர்கள். அப்படிப் போட்டால் அம்மோனியம் அயனி 0.379 மோலார் வரும், 100 மிலிக்கு 2.03 கிராம். கலவைக் கணக்கு எதுவானாலும் முதல் வரியில் கலந்தபின் உள்ள செறிவை எழுதிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போக வேண்டும்.

இனிச் சரியான வழி.

அம்மோனியம் குளோரைடு இல்லாதபோது ஹைட்ராக்சைடு செறிவு = √(1.8 × 10⁻⁵ × 0.10) = 1.34 × 10⁻³ மோலார். அயனிப் பெருக்கம் = 0.10 × (1.34 × 10⁻³)² = 1.8 × 10⁻⁷. கரைதிறன் பெருக்கத்தை 1.8 × 10⁻¹¹ என எடுத்தால் இது அதைவிடப் பத்தாயிரம் மடங்கு அதிகம். வீழ்படிவு கட்டாயம் வரும்.

வராமல் தடுக்க ஹைட்ராக்சைடு எவ்வளவுக்குள் இருக்க வேண்டும்? √(1.8 × 10⁻¹¹ ÷ 0.10) = 1.34 × 10⁻⁵ மோலார். பிஎச் 9.13.

இந்த அளவில் நிறுத்தத் தேவையான அம்மோனியம் அயனி = 1.8 × 10⁻⁵ × 0.10 ÷ (1.34 × 10⁻⁵) = 0.134 மோலார். 100 மிலிக்கு 0.0134 மோல். அதை 53.5 ஆல் பெருக்கினால் 0.72 கிராம்.

உங்கள் நண்பர் எங்கும் தவறவில்லை. அவருடைய அட்டவணையில் கரைதிறன் பெருக்கம் 5.6 × 10⁻¹² என்று இருந்திருக்கும். அதை வைத்தால் ஹைட்ராக்சைடு வரம்பு 7.5 × 10⁻⁶, அம்மோனியம் 0.24 மோலார், எடை 1.29 கிராம். பழைய பாடநூல்களில் 1.8 × 10⁻¹¹ அதிகம் காணப்படும், புதிய அட்டவணைகளில் 5.6 × 10⁻¹². புதிதாக விழுந்த வீழ்படிவின் துகள்கள் மிக நுண்ணியவை, ஒழுங்கற்றவை. அதனால் நாள்பட்ட படிகத்தைவிட அது கூடுதலாகக் கரையும். எந்த வெப்பநிலையில், வேறு உப்புகள் எவ்வளவு இருக்கும்போது அளந்தார்கள் என்பதைப் பொறுத்தும் மதிப்பு மாறும். ஆகவே விடைத்தாளில் ‘கரைதிறன் பெருக்கம் இவ்வளவு எனக் கொள்கிறேன்’ என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

பொது அயனி பற்றிய கேள்விதான் இதில் முக்கியமானது. ‘யாருக்குப் பொது?’ என்று கேட்டுப் பாருங்கள். மெக்னீசியம் ஹைட்ராக்சைடில் அம்மோனியம் அயனியே கிடையாது, எனவே அதற்கு இது பொது அயனி அல்ல. அம்மோனியா நீரோடு சேர்ந்து அம்மோனியம் அயனியையும் ஹைட்ராக்சைடையும் தருகிறதே, அந்தச் சமநிலைக்குத்தான் இது பொது அயனி. அங்கே விளைவு நீங்கள் படித்தபடியே நடக்கிறது: அம்மோனியாவின் அயனியாதல் அடங்குகிறது, ஹைட்ராக்சைடு குறைகிறது. அந்தக் குறைவு இரண்டாவது சமநிலைக்குப் போய்ச் சேரும்போது மெக்னீசியம் கரைசலில் தங்குகிறது. சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்திருந்தால் மெக்னீசியம் ஹைட்ராக்சைடுக்கே பொது அயனி சேர்த்ததாகும், அப்போது கரைதிறன் குறையும்.

இரண்டு சமநிலைகளையும் ஒன்றாக எழுதிப் பார்த்தால் இன்னும் தெளியும்:

மெக்னீசியம் அயனி + 2 அம்மோனியா + 2 நீர் ⇌ மெக்னீசியம் ஹைட்ராக்சைடு + 2 அம்மோனியம் அயனி

இதன் சமநிலை மாறிலி (1.8 × 10⁻⁵)² ÷ (1.8 × 10⁻¹¹) = 18. மிகச் சிறிய எண். வீழ்படிவு விழ விழ அம்மோனியம் அயனி தானாகவே பெருகி, மேற்கொண்டு விழுவதைத் தடுக்கிறது. உங்கள் கலவையில் அம்மோனியம் குளோரைடே சேர்க்காவிட்டாலும் மெக்னீசியத்தில் ஏறத்தாழ 27 விழுக்காடுதான் வீழ்படிவாகும், மீதி கரைசலில் நிற்கும். அயனிப் பெருக்கம் பத்தாயிரம் மடங்கு தாண்டியதைப் பார்த்து ‘முழுவதும் விழுந்துவிடும்’ என்று எழுதுபவர்கள் நிறைய. அயனிப் பெருக்கம் விழுமா விழாதா என்பதைத்தான் சொல்லும். எவ்வளவு விழும் என்பதற்கு இந்த மாறிலி வேண்டும்.

---

வடிதாள்:

மூன்றாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். சிட்டிகை போதும் என்பது மெக்னீசியத்துக்கு மட்டும். அதற்குக்கூட இரண்டாம் தொகுதியில் (அமிலக் கரைசலில் ஹைட்ரஜன் சல்பைடைச் செலுத்தும் முந்தைய படி) இருந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏறத்தாழப் போதும். அங்கே அமிலம் சுமார் 0.3 மோலார் இருக்கும், அதை அம்மோனியா நடுநிலையாக்கும்போதே ஏறக்குறைய அதே அளவு அம்மோனியம் குளோரைடு குழாயிலேயே உண்டாகிவிடுகிறது.

உண்மையான தொல்லை மாங்கனீசு. அதன் ஹைட்ராக்சைடின் கரைதிறன் பெருக்கம் சுமார் 2 × 10⁻¹³. மாங்கனீசு 0.1 மோலார் என்றால் ஹைட்ராக்சைடு 1.4 × 10⁻⁶ மோலாருக்குள் இருக்க வேண்டும். மிகையான அம்மோனியா 0.1 மோலார் என்றால் அம்மோனியம் 1.27 மோலார் தேவை. 5 மிலி கரைசலுக்கு 0.34 கிராம். அந்தத் ‘தாராளமாக’ இதற்காகத்தான்.

இதே சமன்பாட்டில் இன்னொன்றையும் கவனியுங்கள். தேவையான அம்மோனியம், அம்மோனியாவின் செறிவுக்கு நேர்விகிதம். அம்மோனியா 0.5 மோலார் ஆகிவிட்டால் 6.4 மோலார் அம்மோனியம் வேண்டும். அம்மோனியம் குளோரைடின் நிறைவுற்ற கரைசலே அறை வெப்பநிலையில் 6 மோலாருக்குக் கீழேதான். அதாவது அம்மோனியாவைக் கொட்டிவிட்டால் எவ்வளவு உப்பு போட்டாலும் காப்பாற்ற முடியாது. பாட்டிலில் வரும் அடர் அம்மோனியா 13 முதல் 15 மோலார். ஒரு சொட்டு 0.05 மிலி என்றால் 5 மிலியில் மிகையாக விழும் ஒரே சொட்டு 0.14 மோலார். எனவே அடர் அம்மோனியாவை நேராக ஊற்றாதீர்கள். 2 மோலாருக்கு நீர்த்து வைத்துக்கொண்டால் ஒரு சொட்டு 0.02 மோலார்தான் கூட்டும், கைக்கு அடங்கும்.

செய்யும் வரிசை: இரண்டாம் தொகுதி வடிநீரைக் கொதிக்கவைத்து ஹைட்ரஜன் சல்பைடை முழுவதும் வெளியேற்றுங்கள். ஆவியில் லெட் அசிடேட் தாளைக் காட்டினால் கறுக்கக் கூடாது. அதன் பிறகே அடர் நைட்ரிக் அமிலம் இரண்டு மூன்று சொட்டு, மீண்டும் இரண்டு நிமிடம் கொதி. ஆறியதும் திட அம்மோனியம் குளோரைடு, 5 மிலிக்கு அரை கிராம் அளவில். கரையும்போது குழாய் சில்லென்று ஆகும், அது இயல்பு. பிறகு நீர்த்த அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக, ஒவ்வொரு சொட்டுக்கும் குலுக்கி, சிவப்பு லிட்மஸ் நீலமாகும்வரை. அதற்கு மேல் இரண்டு சொட்டு. மெல்லச் சூடாக்கி உடனே வடிகட்டுங்கள் அல்லது மையவிலக்கியில் சுழற்றுங்கள்.

உடனே என்பதில் காரணம் இருக்கிறது. காரக் கரைசலில் மாங்கனீசைக் காற்று ஆக்சிஜனேற்றம் செய்து பழுப்பு வீழ்படிவாக்கும். வெள்ளையாக இருந்த அலுமினியம் ஹைட்ராக்சைடு பத்து நிமிடத்தில் பழுப்பேறினால் ‘இரும்பு’ என்று எழுதிவிடாதீர்கள்.

நைட்ரிக் அமிலம் எதற்கு என்பதும் கணக்கிலேயே தெரியும். ஹைட்ரஜன் சல்பைடு, இரும்பை இரண்டு மின்சுமையுள்ள ஃபெரஸ் நிலைக்கு ஒடுக்கிவிடுகிறது. ஃபெரஸ் ஹைட்ராக்சைடின் கரைதிறன் பெருக்கம் சுமார் 5 × 10⁻¹⁷. அதை முழுவதும் கரைசலில் வைக்க 80 மோலார் அம்மோனியம் வேண்டும், நடக்காது. அம்மோனியம் நிறைய இருக்கும்போது அது முழுவதும் விழுவதும் இல்லை. ஒரு பகுதி மூன்றாம் தொகுதியில் அழுக்குப் பச்சையாக விழும், மீதி நான்காம் தொகுதிக்கு (காரக் கரைசலில் ஹைட்ரஜன் சல்பைடு செலுத்தும் படி) போய்க் கறுப்பு சல்பைடாகி கோபால்ட், நிக்கல் போல ஏமாற்றும். நைட்ரிக் அமிலத்தால் மூன்று மின்சுமையுள்ள ஃபெரிக் நிலைக்கு மாற்றிவிட்டால் சிக்கலே இல்லை.

துத்தநாகம், நிக்கல், கோபால்ட் மூன்றின் ஹைட்ராக்சைடுகளும் கரைதிறன் குறைந்தவைதான். அவை அம்மோனியாவோடு அணைவு அயனிகளாகி நிற்பதால் தப்பிக்கின்றன.

---

தேன்சிட்டு:

மிக்க நன்றி, இருவருக்கும். ‘யாருக்குப் பொது’ என்று கேட்டதும் விளங்கிவிட்டது.

ஒரு தொடர் கேள்வி. பேரியம் உப்பு மட்டுமே கொடுத்த மாதிரியில் மூன்றாம் தொகுதியிலேயே வெள்ளை வீழ்படிவு விழுகிறதாம். பேரியம் ஹைட்ராக்சைடு நன்றாகக் கரையக்கூடியது. அம்மோனியம் குளோரைடும் போட்டாயிற்று. பிறகு எப்படி?

அம்மோனியம் குளோரைடுக்குப் பதில் அம்மோனியம் சல்பேட் போடலாமா என்றும் கேட்டார்கள்.

---

வடிதாள்:

சல்பேட் கூடவே கூடாது. பேரியமும் ஸ்ட்ரான்சியமும் சல்பேட்டாகி அங்கேயே விழுந்துவிடும், அவற்றைக் கார்பனேட்டாக விழவைக்கும் ஐந்தாம் தொகுதியில் தேட எதுவும் இருக்காது.

வெள்ளை வீழ்படிவுக்கு இரண்டு காரணங்களைச் சந்தேகிப்பேன். ஒன்று, பழைய அம்மோனியா பாட்டில். மூடியைத் திறந்து திறந்து வைத்த அம்மோனியா காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை உறிஞ்சி அம்மோனியம் கார்பனேட்டைச் சேர்த்துவைத்திருக்கும். பேரியம் கார்பனேட்டின் கரைதிறன் பெருக்கம் 2.6 × 10⁻⁹. பேரியம் 0.1 மோலார் இருந்தால் கார்பனேட் 10⁻⁷ மோலாருக்குக் கீழே இருந்தால்கூட வீழ்படிவு தொடங்கிவிடும். சோதிப்பது எளிது: தூய பேரியம் குளோரைடு கரைசலில் அந்த அம்மோனியாவை மட்டும் விட்டுப் பாருங்கள். கலங்கினால் பாட்டிலை மாற்ற வேண்டும்.

இரண்டாவது, ஹைட்ரஜன் சல்பைடை முழுவதும் விரட்டாமல் நைட்ரிக் அமிலம் சேர்த்தது. பெரும்பகுதி கந்தகமாகிப் பால் போலக் கலங்கும், ஒரு பகுதி சல்பேட் வரை போய்விடும். அந்தச் சல்பேட்டே பேரியத்தைப் பிடித்துக்கொள்ளும்.

எதுவென்று பிரித்தறிய வீழ்படிவைக் கழுவி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுங்கள். நுரைத்துக் கரைந்தால் கார்பனேட். கரையவே இல்லை என்றால் சல்பேட். நுரைக்காமல் கரைந்தால், களிபோலவும் இருந்தால், உண்மையிலேயே அலுமினியம். அதைச் சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து உறுதிசெய்யலாம்.

மாதிரியில் பாஸ்பேட், ஆக்சலேட் இருந்தாலும் கார மண் உலோகங்கள் மூன்றாம் தொகுதியில் விழும். அவற்றை முன்பே நீக்க வேண்டும், அது தனிக் கதை.

---

அயனித்தேடல்:

மேலே சொன்னவற்றோடு ஒரு எச்சரிக்கை. இந்தத் தொகுதிக்கு அடுத்தபடியாகத் தேர்வுகளில் வரும் கேள்வி: ‘பிஎச் 9.13 இல் கரைசலில் மிஞ்சும் ஃபெரிக் அயனி எவ்வளவு?’ ஃபெரிக் ஹைட்ராக்சைடின் கரைதிறன் பெருக்கம் 2.8 × 10⁻³⁹ என்று எடுத்தால் விடை 1.2 × 10⁻²⁴ மோலார். அவகாட்ரோ எண்ணால் பெருக்குங்கள்: லிட்டருக்கு 0.7 அயனி! ஒரு லிட்டர் கரைசலில் ஓர் அயனிகூட முழுதாக இல்லை. கணக்கு சரி, மதிப்பெண்ணும் கிடைக்கும், ஆனால் இரும்பின் உண்மையான கரைதிறன் இது அல்ல. ஒன்று, இரண்டு, மூன்று ஹைட்ராக்சைடுகள் ஒட்டிய இரும்புத் துகள்கள் கரைசலில் தனியே இருக்கின்றன. கரைந்திருக்கும் மொத்த இரும்பை அவைதான் தீர்மானிக்கின்றன, அது இந்த விடையைவிடப் பற்பல மடங்கு அதிகம். அலுமினியத்துக்கும் அப்படியே. பிஎச் 9 ஐத் தாண்ட அது நான்கு ஹைட்ராக்சைடோடு சேர்ந்து அலுமினேட்டாகக் கரையத் தொடங்கும். அம்மோனியா மிகையானால் அலுமினியம் கொஞ்சம் தொலைவது இதனால்தான். ஆக, அம்மோனியம் குளோரைடு மெக்னீசியத்தை விழாமல் தடுப்பதோடு அலுமினியத்தைக் கரையாமலும் காக்கிறது. பாடநூல்கள் இந்த இரண்டாவது வேலையை அழுத்திச் சொன்னால் நன்றாக இருக்கும்.

0.72 கிராம், 1.29 கிராம் என்பவற்றையும் இரண்டு தசம இடத்துக்கு நம்ப வேண்டாம். இவ்வளவு உப்புள்ள கரைசலில் அயனிகளின் வினைத்திறன் (சமநிலையில் உண்மையில் செயல்படும் செறிவு) அளந்த செறிவைவிடக் குறைவு, இரண்டு மின்சுமையுள்ள மெக்னீசியத்துக்கு மிகவும் குறைவு. அதனால் கரைதிறன் பெருக்கமும் பிரிகை மாறிலியும் இரண்டுமே நகர்கின்றன. பிழைகள் எதிரெதிர்த் திசையில் இருப்பதால் ஓரளவு ஈடுகட்டிக்கொள்கின்றன. ‘ஒரு கிராம் அளவில்’ என்பதுதான் நேர்மையான விடை.

ஐந்தாம் தொகுதியில் அம்மோனியம் குளோரைடு மறுபடி வரும்போது ‘அதிகம் போட்டால் நல்லது’ என்ற பழக்கம் உதவாது. அங்கே அம்மோனியம் அயனி கார்பனேட்டிலிருந்து அம்மோனியாவையும் பைகார்பனேட்டையும் உண்டாக்கிக் கார்பனேட் செறிவைக் குறைக்கிறது. அளவாக இருந்தால் மெக்னீசியம் மட்டும் கரைசலில் நிற்கும். அளவு மீறினால் கால்சியம், பேரியமும் அரைகுறையாக விழும். மூன்றாம், நான்காம் தொகுதிகளில் சேர்த்தது ஏற்கெனவே அங்கே இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

---

சமநிலை_மாறிலி:

இதைக் கண்ணால் பார்க்க ஒரு சோதனை, மெக்னீசியா பால்மம் இருந்தால் போதும். மருந்துக் கடையில் கிடைப்பதில் 5 மிலிக்கு 400 மில்லிகிராம் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு இருக்கும் வகையை வாங்குங்கள். திரவ பாரஃபின் கலந்த வகை வேண்டாம், எண்ணெய்க் கலங்கல் தெளியாது.

பால்மம் 1 மிலி, நீர் 19 மிலி, ஃபினால்ப்தலீன் இரண்டு சொட்டு. அடர் இளஞ்சிவப்பு வரும். நிறைவுற்ற மெக்னீசியம் ஹைட்ராக்சைடின் பிஎச் 10.4 – 10.5 என்பதால் அந்த நிறம். இதில் உள்ள 80 மில்லிகிராமும் கரைய, 1.8 × 10⁻¹¹ என்ற மதிப்பின்படி 0.31 கிராம் அம்மோனியம் குளோரைடும், 5.6 × 10⁻¹² இன்படி 0.44 கிராமும் வேண்டும். ஒரு கிராம் போட்டுக் கலக்குங்கள். கலங்கல் தெளியும், நிறம் ஏறத்தாழ மறையும், பிஎச் 8.5 அருகே வந்து நிற்கும். அம்மோனியா வாடை எழும், ஆகவே சன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். இன்னொரு குவளையில் அம்மோனியம் குளோரைடுக்குப் பதில் அதே ஒரு கிராம் சாதாரண உப்பைப் போடுங்கள். கலங்கல் அப்படியே இருக்கும், நிறமும் போகாது. குளோரைடுக்கு இதில் வேலை இல்லை என்பது அந்தக் குவளையில் தெரியும்.

மிச்சம் பார்க்க விரும்பினால், தெளிந்த கரைசலில் 2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடை 10 மிலி மெல்ல விடுங்கள், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு. முதலில் அம்மோனியம் அயனிதான் ஹைட்ராக்சைடைத் தின்னும், வாடை கூடும். சில மிலி விட்ட பிறகே வெண்கலங்கல் திரும்பும்.